அணையும் முன் எழுது

பாயான் லெப்பாஸில் இரவு மணி பத்தேகால்.
மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில்
ஒரு சில்லுக்கு மின்சாரத்தை அறுத்து அறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
டக். டக்.
இன்றைக்கு மட்டும் நாற்பதாயிரத்துச் சொச்சம் முறை செத்தது.
ஒவ்வொரு முறையும் எழுந்து
எந்த வரியில் விட்டதோ அந்த வரியிலேயே தொடங்கியது,
மூன்று முறை தவிர.

அந்த மூன்றுக்காகத்தான்
ஹஸ்லிண்டா வீட்டுக்குப் போன பிறகும் இருக்கிறேன்.

சாதாரண பிளிப்-பிளாப் என்பது
இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து
நீ ஆம் என்றால் நான் இல்லை,
நான் இல்லை என்பதால் நீ ஆம்
என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது.
அந்த வாக்குவாதம்தான் அதன் ஞாபகம்.
கரண்ட் போனால் இருவரும் வாயை மூடுவார்கள்.
யார் என்ன சொன்னார் என்பதற்குத் தடயமே இருக்காது.

அதன் பக்கத்தில் நான் ஒரு படலம் வைத்தேன்.
தலைமயிரைப் பத்தாயிரமாய்ப் பிளந்தால் ஒரு பிளவு, அந்தத் தடிமன்.
உள்ளே அணுக்கள் மேலே சாயும், இல்லை கீழே சாயும்,
சாய்ந்தபடியே கிடக்கும்.
சில்லைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு
பாலம் தாண்டி பட்டர்வொர்த் போனாலும் கிடக்கும்.

மின்னழுத்தம் சரியத் தொடங்கியதும்
எனக்கு மிச்சம் இரண்டு மைக்ரோ நொடி.
மின்தேக்கியின் அடியில் ஒரு வாய் அளவு.
எல்லாவற்றையும் அதற்குள் எழுத முடியாது.
சூ இயெனும் நானும் ஒரு மாதம் முட்டிக்கொண்டது இதற்குத்தான்:
எதை விடுவது?
கூட்டலின் நடுவில் வந்த எண் போகட்டும், மறுபடி கூட்டிக்கொள்ளலாம்.
எங்கே நின்றோம் என்பது வேண்டும்.
யாரிடம் எதை அனுப்பிவிட்டோம் என்பது கட்டாயம் வேண்டும்.
இரண்டாயிரத்து நூறில் தேறியது முந்நூற்றுப் பன்னிரண்டு பிட்.
மற்றவற்றின் மேல் அவன் இழுத்த சிவப்புக் கோடு
இன்னும் பலகையில் இருக்கிறது, யாரும் துடைக்கவில்லை.

படிப்பதிலும் ஒரு சங்கடம்.
எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்று கேட்க
ஒரு பக்கமாய்த் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.
கேட்ட மாத்திரத்தில் பதில் கலைந்துவிடும்.
கையோடு திருப்பி எழுதிவிட வேண்டும்.

பத்து ஐம்பதுக்குப் பிடிபட்டது.
மூன்று தவறும் ஒரே இடம்: நூற்று எழுபத்தொன்றாம் பிட்.
சோதனை அடுப்பில், எண்பத்தைந்து டிகிரியில்,
பதினோரு நாள் 'ஒன்று' என்றே கிடந்தது அது.
இப்போது பூஜ்யம் எழுதினால் வாங்கிக்கொள்கிறது.
நெடுநேரம் இருட்டில் விட்டுவிட்டு வந்து கேட்டால்
'ஒன்று' என்கிறது.
பொய் சொல்லவில்லை. பழகிவிட்டது.

ரேலாவ் வீட்டுக்கு வந்தபோது பதினொன்றரை.
சாயங்கால இடிக்குக் கரண்ட் போய் வந்திருக்கிறது.
மைக்ரோவேவ் 00:00, 00:00 என்று சிமிட்டியது.
கதவைத் திறந்ததும் என் கை
இடப்பக்கச் சுவரைத் தடவியது.
அங்கே சுவிட்ச் இல்லை.
இடப்பக்கம் இருந்தது சுங்கை நிபோங் வீட்டில்.
ஒன்பது வருடம்.
அந்த வீட்டையும் அங்கே இருந்தவரையும் விட்டு
ஏழு மாதம் ஆகிறது.
கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வெறும் சுவரில் கை வைத்தபடி நின்றேன்.
தலைகீழாக எழுதினால் என்ன?
ஒருமுறை விட்டு ஒருமுறை
ஒன்றைப் பூஜ்யமாக, பூஜ்யத்தை ஒன்றாக.
இன்றைக்கு நேரா, தலைகீழா என்று சொல்ல
கூடுதலாக ஒரே ஒரு பிட்.
எதுவும் ஒரே பக்கம் படுத்துப் பழகாது.
அந்த ஒரு பிட்டும்
தன் வேலையாலேயே புரண்டுகொண்டிருக்கும்.

முந்நூற்றுப் பதின்மூன்று என்று சூ இயெனுக்கு அனுப்பினேன்.
தூங்கவில்லை அவனும்.
இதற்கு மேல் ஒரு பிட் கேட்டால்
என் பசியாறல் காசு உன் கணக்கு என்று பதில் வந்தது.

மைக்ரோவேவுக்கு மணி வைக்கப் போனேன்.
எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.
குனிந்து பார்க்கையில்தான் உறைத்தது,
விளக்கை இன்னும் போடவே இல்லை.